ரிசியூம் ஆனதும் "பற்றரி 0" என்று தானே ஓஃப் ஆகும் கணினி: பின்னணி வேர்க்கை எங்கே நிறுத்துவது?

கடலோரப் பொடியன் | திங்கள், இரவு 9.40

வணக்கம். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு சின்னக் கொம்பனியில் வேலை செய்கிறேன். புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகளுக்கு பில் அடிக்கிற கணினிகள் செய்து கொடுக்கிறோம். கையடக்கமான பெட்டி, இன்டெல் புரொசெசர், டெபியன் 12 லினக்ஸ், அதாவது 6.1 கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி). உள்ளே ஒரு பற்றரி, அதைக் கவனிக்க ஒரு சிப், ஐ-டூ-சி (சிப்கள் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பிப் பாதை) வழியாகப் பேசும். அந்தச் சிப்பின் ட்ரைவரை (கேர்னலுக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளை) எழுதியவன் நான். ஆகவே திட்டு வாங்குகிறவனும் நான்தான்.

கரண்ட் போனால் பெட்டி ஐந்து நிமிடம் பற்றரியில் ஓடும். யாரும் தொடவில்லை என்றால் சஸ்பென்டுக்கு, அதாவது தூக்க நிலைக்குப் போய்விடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது கடைக்காரர்கள் கேட்டு வாங்கிய வசதி இது. இப்போது அப்படி வெட்டு இல்லை. ஆனாலும் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டது 2025 பெப்ரவரி 9 அன்றுதான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எனக்கு அழைப்புகள் குறைவு.

பிரச்சினை இதுதான். கரண்ட் வந்ததும் பொத்தானை அழுத்துகிறார்கள், கணினி எழும்புகிறது (ரிசியூம்), பில் திரையும் தெரிகிறது. அடுத்த கணமே "பற்றரி 0 சதவீதம்" என்று சொல்லிவிட்டு தானே ஓஃப் ஆகிறது. உண்மையில் பற்றரியில் 70 சதவீதம் இருக்கிறது. எப்போதும் இப்படி இல்லை. இருபது தடவைக்கு ஒன்று இருக்கும்.

ட்ரைவரில் ஒரு டிலேட் வேர்க் (சொன்ன நேரம் கழித்துக் கேர்னல் பின்னணியில் ஓட்டும் வேலை) இருக்கிறது. இரண்டு செக்கனுக்கு ஒருமுறை சிப்பை வாசித்துவிட்டு, தன்னைத் தானே மறுபடி கியூவில் (வேலை வரிசையில்) போட்டுக்கொள்ளும். சார்ஜர் செருகினாலோ கழற்றினாலோ சிப் ஒரு இன்டரப்ட் ("உடனே கவனி" என்ற சைகை) அனுப்பும். அப்போதும் அதே வேர்க் ஓடும். சஸ்பென்ட், ரிசியூம் ஃபங்ஷன் எதுவும் நான் எழுதவில்லை. கணினி தூங்கினால் எல்லாமே தூங்கும்தானே என்று விட்டுவிட்டேன்.

லொக்கில் "ட்ரான்ஸ்ஃபர் வைல் சஸ்பென்டட்" என்று ஒரு எச்சரிக்கை மட்டும் இருக்கிறது.

தேத்தண்ணி | திங்கள், இரவு 9.52

சிப்பாய்கள் தூங்கினாலும் கேர்ணல் தூங்க மாட்டார் தம்பி.

கொட்டாஞ்சேனை ரவுட்டர் | திங்கள், இரவு 10.31

தேத்தண்ணி பகிடிக்குச் சொன்னாலும் விஷயம் அதுதான்.

சஸ்பென்ட் தொடங்கும்போது லினக்ஸ் முதலில் யூசர் புரோகிராம்கள் எல்லாவற்றையும் உறைய வைக்கும். உன் பில் மென்பொருள், டெஸ்க்டொப், எல்லாம் நின்றுவிடும். கேர்னலுக்குள் ஓடும் த்ரெட்கள் (தனித்தனி வேலை ஓட்டங்கள்) அப்படி இல்லை. "என்னையும் உறைய வை" என்று தானாகக் கேட்ட த்ரெட் மட்டும்தான் உறையும், மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும். நீ பயன்படுத்துகிற பொதுவான சிஸ்டம் கியூவின் தொழிலாளிகள் கேட்காத கூட்டம்.

அடுத்தது சாதனங்களின் முறை. பிள்ளை முதலில், பெற்றோர் பிறகு. உன் சிப் பிள்ளை, ஐ-டூ-சி கொன்ட்ரோலர் பெற்றோர். உனக்கு சஸ்பென்ட் ஃபங்ஷன் இல்லாததால் உன் முறை சத்தமில்லாமல் கடந்து போகிறது. கொன்ட்ரோலர் தூங்குகிறது. இதெல்லாம் முடியச் சில நூறு மில்லிசெக்கன் போகும், சாதனம் கூடினால் இன்னும் கூட. அந்த இடைவெளியில் உன் இரண்டு செக்கன் வேர்க் முறை வந்து எழும்பி, தூங்கிவிட்ட கொன்ட்ரோலரைத் தட்டுகிறது. கொன்ட்ரோலர் பிழை கொடுத்துத் திருப்பி அனுப்புகிறது. அதுதான் நீ பார்த்த எச்சரிக்கை. இருபதில் ஒன்று என்பதும் இந்தக் கணக்குத்தான்: இரண்டு செக்கனுக்குள் அந்தச் சின்ன இடைவெளி எத்தனை தடவை மாட்டும்?

என் ஊகம் ஒன்று. வாசிப்பு பிழையானால் நீ என்ன செய்கிறாய்? 0 என்று சேமிக்கிறாயா?

பி.கு. ஐ-டூ-சி என்பதால் பிழை என்று தெரிந்தது, உன் அதிர்ஷ்டம். பிசிஐ சாதனம் அணைந்திருந்தால் பிழை கூட வராது, எல்லா பிட்டும் 1 ஆக வரும். அதை உண்மை என்று நம்பி எழுதிய ட்ரைவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடலோரப் பொடியன் | திங்கள், இரவு 10.38

ஓம் அண்ணா. பிழை வந்தால் 0. வெட்கமாக இருக்கிறது.

கொட்டாஞ்சேனை ரவுட்டர் | திங்கள், இரவு 10.55

அப்போ கதை முழுதாகிவிட்டது. தூங்கப் போகும்போது 0 எழுதப்படுகிறது. யூசர் புரோகிராம்கள் உறைந்திருப்பதால் அப்போது யாரும் பார்ப்பதில்லை. ரிசியூம் ஆனதும், உன் அடுத்த வாசிப்பு வருவதற்கு முன்னால், பவர் மேலாளர் (பற்றரி அளவைக் கவனிக்கும் யூசர் புரோகிராம்) வந்து பார்க்கிறார். 0 என்று இருக்கிறது. "ஐயோ" என்று கணினியை அணைக்கிறார். அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்.

இரண்டு திருத்தம் வேண்டும். பிழை வந்தால் பழைய அளவைத் தொடாதே. சஸ்பென்ட் ஃபங்ஷனில் கேன்சல் டிலேட் வேர்க் சிங்க், ரிசியூமில் மறுபடி கியூவில் போடு. (பெயர்களுக்கு நடுவே அடிக்கோட்டை நீயே போட்டுக்கொள்.) கடைசியில் உள்ள "சிங்க்" முக்கியம். அது இல்லாத வடிவம் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிற வேர்க்குக்காகக் காத்திருக்காது. சிங்க் காத்திருக்கும். தன்னைத் தானே திரும்பப் போட்டுக்கொள்கிற வேர்க்காக இருந்தாலும் பிடித்து நிறுத்தும்.

தூங்காநகரத்தான் | செவ்வாய், காலை 7.15

தொடர்பில்லாத கேள்வி. என் புது லப்டொப்பை மூடிப் பையில் வைத்து 100ஆம் இலக்க பஸ்ஸில் மொறட்டுவையில் இருந்து கோட்டைக்கு வந்தால் இறங்கும்போது சுடுகிறது. இதுவும் இதே பிரச்சினையா?

பனங்கொட்டை | செவ்வாய், காலை 7.40

இல்லை, ஆனால் தூரத்துச் சொந்தம். புது லப்டொப்கள் பலவற்றில் பழைய எஸ்3 தூக்கமே (நினைவகம் தவிர அநேகமாக எல்லாம் அணைவது) இல்லை. புரொசெசர் சும்மா இருப்பதையே தூக்கம் என்கிறார்கள். ஏதாவது ஒரு சாதனம் அடிக்கடி எழுப்பிவிட்டால் பைக்குள்ளேயே சூடாகும். லினக்ஸ் என்றால் சிஸ் அடைவின் பவர் பகுதியில் மெம் ஸ்லீப் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் டீப் என்ற சொல் இருக்கிறதா என்று வேறு இழை தொடங்கிச் சொல்லுங்கள். இங்கே பொடியனின் பெட்டியைப் பார்ப்போம்.

கடலோரப் பொடியன் | செவ்வாய், இரவு 11.20

செய்தேன், நிலைமை இன்னும் மோசம்.

ஆர்டிசி வேக் கட்டளையை லூப்பில் போட்டு, 20 செக்கன் தூங்கி எழும்ப விட்டேன். 0 சதவீதம் வரவில்லை. ஆனால் பதினோராவது சுற்றில் கணினி முழுதாக நின்றுவிட்டது. திரை கறுப்பு, ஃபேன் ஓடுகிறது, எந்த விசைக்கும் பதில் இல்லை. பொத்தானை அமுக்கிப் பிடித்துத்தான் அணைக்க முடிந்தது.

முன்பு 0 காட்டிவிட்டாவது ஒழுங்காக அணைந்தது. இது கடையில் நடந்தால் என்னை மெயின் ஸ்ட்ரீட்டில் வைத்தே கட்டிவைப்பார்கள்.

கொட்டாஞ்சேனை ரவுட்டர் | செவ்வாய், இரவு 11.34

பெட்டியில் சீரியல் போர்ட் இருக்கிறதா? பில் பெட்டி என்றால் கட்டாயம் இருக்கும். யூனிட்டி பிளாசாவில் ஒரு கேபிள் வாங்கு. கேர்னல் கட்டளை வரியில் நோ கொன்சோல் சஸ்பென்ட் என்று சேர். இல்லாவிட்டால் நீ பார்க்க வேண்டிய நேரத்தில்தான் கேர்னல் செய்திகள் வரும் கொன்சோல் தூங்கிவிடும். பவர் அடைவில் பிஎம் பிரின்ட் டைம்ஸ் கோப்பில் 1 எழுது. ஒவ்வொரு சாதனத்தின் ஃபங்ஷனையும் அழைக்கும்போது ஒரு வரி, திரும்பும்போது ஒரு வரி வரும். எந்த அழைப்புக்குத் திரும்பிய வரி இல்லையோ அதுதான் ஆள்.

கடலோரப் பொடியன் | புதன், இரவு 8.05

கேபிள் வாங்கினேன். என் ட்ரைவர்தான். அழைத்த வரி இருக்கிறது, திரும்பிய வரி இல்லை.

பனங்கொட்டை | புதன், இரவு 8.12

தம்பி, உங்கள் சஸ்பென்ட் ஃபங்ஷனில் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று வரிசையாகச் சொல்லுங்கள். கோடு வேண்டாம், பேச்சாகச் சொன்னால் போதும்.

கடலோரப் பொடியன் | புதன், இரவு 8.20

அக்கா, முதலில் மியூடெக்ஸ் லொக் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே வைத்திருக்கக்கூடிய பூட்டு) எடுக்கிறேன். அப்புறம் வேர்க்கை கேன்சல் செய்கிறேன். அப்புறம் சிப்பைக் குறைந்த மின்சார நிலைக்கு அனுப்புகிறேன். லொக்கை விடுகிறேன்.

வேர்க் ஃபங்ஷனும் வாசிக்கும்போது அதே லொக்கைத்தான் எடுக்கும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் சிப்போடு பேசக்கூடாது என்பதால்.

பனங்கொட்டை | புதன், இரவு 8.41

கிடைத்துவிட்டது. வாசல் கதவைப் பூட்டி, திறப்பை உங்கள் பையில் போட்டுக்கொண்டு, உள்ளே இருக்கிறவர் வெளியே வரட்டும் என்று வாசலிலேயே காத்து நிற்கிறீர்கள்.

கேன்சல் சிங்க், ஓடிக்கொண்டிருக்கிற வேர்க் முடியும்வரை காத்திருக்கும். அந்த வேர்க் உங்கள் லொக்குக்காகக் காத்திருக்கிறது. லொக் உங்களிடம். வேர்க் அந்த நேரத்தில் ஓடாமல் வெறுமனே டைமரில் இருந்தால் தப்பிவிடுவீர்கள். அதனால்தான் பத்துச் சுற்று நன்றாகப் போய்விட்டு பதினோராவதில் மாட்டியது.

கேன்சலை லொக்குக்கு வெளியே, அதற்கு முன்னால் கொண்டுபோங்கள். அவ்வளவுதான்.

இன்னொன்று. உங்கள் சோதனைக் கேர்னலில் புரூவ் லொக்கிங் தெரிவைப் போட்டு மறுபடி பில்ட் செய்யுங்கள். வேர்க்குகளையும் லொக் போலவே கணக்கில் எடுத்து வட்டம் பார்க்கும் வசதி லொக்டெப்பில் (அந்தத் தெரிவு இயக்கும் சோதனைக் கருவியில்) இருக்கிறது. உண்மையில் மாட்டிக்கொள்ளும்வரை அது காத்திருக்காது. இரண்டு வழியும் ஒவ்வொரு தடவை ஓடினாலே, இது ஒரு நாள் மாட்டும் என்று எச்சரிக்கும். பதினொரு சுற்று தேவைப்பட்டிருக்காது. டிபிஎம் வோட்ச்டோக் என்ற தெரிவையும் சோதனைப் பெட்டியில் போடலாம். இயல்பு நிலையில் ஒரு சாதனம் 120 செக்கனுக்கு மேல் சஸ்பென்டில் திரும்பாவிட்டால் ஸ்டாக்கை (எந்த ஃபங்ஷனுக்குள் நிற்கிறது என்ற பட்டியலை) காட்டிவிட்டு கேர்னல் பானிக் ஆகும். இருட்டில் ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டு இருப்பதைவிட அது மேல்.

உறங்காப்புலி | புதன், இரவு 9.30

இவ்வளவு சுற்றுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. சிஸ்டம் ஃப்ரீசபிள் கியூ என்று ஒன்று கேர்னலிலேயே இருக்கிறது. வேர்க்கை சிஸ்டம் கியூவுக்குப் பதில் அதில் போடுங்கள். யூசர் புரோகிராம்களுக்கு அடுத்ததாக, எந்தச் சாதனத்தின் சஸ்பென்டும் தொடங்கும் முன்பே அந்தக் கியூ உறைந்துவிடும். எல்லாச் சாதனமும் ரிசியூம் ஆன பிறகுதான் கரையும். கொன்ட்ரோலர் தூங்கும்போது வேர்க் ஓடவே வாய்ப்பில்லை. சஸ்பென்ட் ஃபங்ஷனே தேவையில்லை, லொக் வட்டமும் இல்லை. மாற்ற வேண்டியது ஒரு சொல்.

நான் இரண்டு டச் ஸ்க்ரீன் ட்ரைவரில் இப்படித்தான் செய்தேன், மூன்று வருடமாக ஓடுகிறது.

கொட்டாஞ்சேனை ரவுட்டர் | புதன், இரவு 10.18

புலி சொல்வது பிழை இல்லை. வெறும் போலிங் (இடைவெளி விட்டு வாசித்துக்கொண்டே இருப்பது) மட்டும் இருந்து, தூங்கும்போது சிப்பிடம் சொல்ல எதுவும் இல்லை என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். கேர்னலின் ரன்டைம் பவர் மேலாண்மைக் கியூவே ஃப்ரீசபிள்தான்.

ஆனால் பொடியனுக்கு அது போதாது.

உறைய வைப்பது என்றால் புதிதாக எதையும் தொடங்க விடாமல், ஓடிக்கொண்டிருப்பது முடியும்வரை காத்திருப்பது. உன் வேர்க் நீளமாக இழுத்தால் முழுக் கணினியும் அதற்காகக் காத்து நிற்கும். இயல்பான எல்லை 20 செக்கன். அதைத் தாண்டினால் உறைய வைக்க முடியவில்லை என்று சஸ்பென்டையே கைவிடும். பற்றரி வாசிப்புக்கு இது வராது. ஃபேர்ம்வெயர் ஏற்றுகிற வேர்க்குக்கு வரலாம்.

பெரிய பிரச்சினை கரையும் நேரம். கேர்னல் முதலில் கியூக்களைக் கரைக்கிறது, உடனே பின்னால் யூசர் புரோகிராம்களையும் எழுப்பிவிடுகிறது. உன் வேர்க் ஓடி முடிந்த பிறகுதான் பவர் மேலாளர் வந்து பார்ப்பார் என்று எந்த உறுதியும் இல்லை. டிலேட் வேர்க்கின் டைமரில் இன்னும் ஒன்றரைச் செக்கன் மிச்சம் இருந்தால், அந்த ஒன்றரைச் செக்கனும் பழைய அளவுதான் வெளியே தெரியும். பற்றரி விஷயத்தில் அது ஒரு மணித்தியாலத்துக்கு முந்தைய அளவு.

பனங்கொட்டை | புதன், இரவு 10.36

இன்னொரு குழியும் இருக்கிறது. ஃப்ரீசபிள் கியூவில் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் சஸ்பென்ட் ஃபங்ஷனிலும் ஃபிளஷ் வேர்க் என்று எழுதிவிடுவார்கள். ஃபிளஷ் என்றால் "கியூவில் இருப்பதை ஓட்டி முடி, காத்திருக்கிறேன்". கியூ ஏற்கனவே உறைந்துவிட்டது, ஓட்ட ஆள் இல்லை. முடிவில்லாமல் காத்திருக்கும். கேன்சல் என்றால் வரிசையில் நிற்பதை எடுத்து எறிந்துவிடும், அது உறைந்த கியூவிலும் பாதுகாப்பானது. ஃபிளஷுக்கும் கேன்சலுக்கும் இடையில் ஒரு சொல் தவறினால் தொங்கல்தான். இதற்காக ஒருமுறை இரண்டு நாள் தூக்கம் கெட்டவள் நான்.

உறங்காப்புலி | புதன், இரவு 10.50

ஃபிளஷ் எழுதச் சொல்லவில்லையே அக்கா. எதுவுமே எழுதாதே என்றுதான் சொன்னேன்.

பழைய அளவு தெரிவதை ஒப்புக்கொள்கிறேன். டச் ஸ்க்ரீனுக்கு பழைய அளவு என்று ஒன்று இல்லை, அதனால் எனக்கு வலிக்கவில்லை.

கடலோரப் பொடியன் | வியாழன், இரவு 10.02

அக்கா சொன்னபடி கேன்சலை லொக்குக்கு வெளியே எடுத்தேன். லொக்டெப் அமைதி. தொங்கல் போய்விட்டது. சந்தோஷத்தில் 300 சுற்றுக்கு விட்டுவிட்டு சாப்பிடப் போனேன்.

வந்து பார்த்தால் 140ஆவது சுற்றில் அதே பழைய எச்சரிக்கை. ட்ரான்ஸ்ஃபர் வைல் சஸ்பென்டட். ஸ்டாக்கில் என் வேர்க் ஃபங்ஷன்.

கேன்சல் செய்த வேர்க் எப்படி உயிரோடு வந்தது? பேய்க்கதை போல இருக்கிறது.

தேத்தண்ணி | வியாழன், இரவு 10.06

எலுமிச்சம்பழம் வெட்டு.

கொட்டாஞ்சேனை ரவுட்டர் | வியாழன், இரவு 10.47

பேய் இல்லை. ஒருவன் திரும்பக் கொண்டுவந்து போட்டிருக்கிறான். வேர்க்கைக் கேன்சல் செய்தால் அந்தக் கணத்தில் கியூவில் இருந்தது போகும். அடுத்த கணம் யாரும் புதிதாகப் போடக்கூடாது என்று அது தடுப்பதில்லை.

உன் வேர்க்கைக் கியூவில் போடுகிறவர்கள் யார் யார் என்று எண்ணு. ப்ரோப் (ட்ரைவர் சிப்போடு முதலில் சேரும்போது ஓடுவது), அது ஒருமுறைதான். வேர்க் தானே, அதைக் கேன்சல் பார்த்துக்கொள்ளும். ரிசியூம். இன்னொன்று?

கடலோரப் பொடியன் | வியாழன், இரவு 10.52

இன்டரப்ட்!! ஆனால் தூங்கப் போகும்போது யாரும் சார்ஜரைத் தொடவில்லையே அண்ணா. மேசையில் சும்மா கிடந்தது.

கொட்டாஞ்சேனை ரவுட்டர் | வியாழன், இரவு 11.40

சிப்பின் விளக்கப் புத்தகத்தை மறுபடி வாசி. இப்படிப்பட்ட சிப்கள் பலவற்றில் மின்னோட்டம் ஒரு அளவைத் தாண்டி மாறினாலும் அதே எச்சரிக்கைக் கம்பி இழுக்கும். உன் கணினி தூங்கப் போகும்போது என்ன நடக்கிறது? திரை விளக்கு அணைகிறது, யூஎஸ்பி அணைகிறது. மின்னோட்டம் சடாரென்று விழுகிறது. தூங்கும் செயலே உன் இன்டரப்டைத் தூண்டுகிறது.

நேரத்தையும் பார். உன் சஸ்பென்ட் ஃபங்ஷன் ஓடுவது முதல் கட்டத்தில். அதன் பிறகு லேட் என்று ஒரு கட்டம், அதற்கும் பிறகுதான் நோஐஆர்கியூ கட்டம். அந்தக் கடைசிக் கட்டத்துக்குச் சற்று முன்னால்தான் கேர்னல் சாதன இன்டரப்ட்களை மொத்தமாக மூடும். ஆக நீ கேன்சல் செய்ததற்கும் இன்டரப்ட் மூடப்படுவதற்கும் நடுவில் ஒரு வெளி இருக்கிறது. இன்டலின் ஐ-டூ-சி கொன்ட்ரோலர் தூங்குவதும் அந்த வெளியில்தான். உன் இன்டரப்ட் அங்கே வந்து வேர்க்கை உயிர்ப்பிக்கிறது.

ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் டிசேபிள் ஐஆர்கியூ, அதாவது உன் இன்டரப்டை மூடுவது. அது ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிற ஹேன்ட்லர் (இன்டரப்ட் வந்தால் ஓடும் ஃபங்ஷன்) முடியும்வரை காத்திருக்கும், த்ரெட் வகை ஹேன்ட்லர் என்றாலும். இதையும் லொக் எடுக்காமல் செய், ஹேன்ட்லர் அதே லொக்கை எடுத்தால் மறுபடி வாசலில் திறப்போடு நிற்பாய். இனி வேர்க்கைப் போட யாரும் இல்லை என்று ஆன பிறகு கேன்சல் சிங்க். அதற்குப் பிறகுதான் லொக் எடுத்து சிப்பைத் தூங்க வைப்பது. தண்ணீர்க் குழாயை மூடாமல் நிலத்தைத் துடைத்தால் எத்தனை தடவை துடைத்தாலும் ஈரம்தான்.

ரிசியூமில் இதைத் தலைகீழாகச் செய். லொக், சிப்பை எழுப்பு, அங்கேயே நேரடியாக ஒருமுறை வாசித்து அளவைப் புதுப்பி. யூசர் புரோகிராம்கள் அந்த நேரத்தில் இன்னும் உறைந்துதான் இருக்கும், பவர் மேலாளர் வந்து பார்க்கும்போது புது அளவு தயாராக இருக்கும். லொக்கை விடு, இன்டரப்டைத் திற, கடைசியாக வேர்க்கைப் போடு.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலர் விடுவது. சிப்பைத் தூங்க வைக்கும் எழுத்து தோல்வியடைந்து உன் சஸ்பென்ட் பிழையோடு திரும்பினால், உனக்கு ரிசியூம் அழைப்பு வராது. மூடிய இன்டரப்டையும் நிறுத்திய வேர்க்கையும் திரும்பும் முன் நீயே திறந்துவிட வேண்டும். வேறு சாதனம் தோற்றால் உனக்கு ரிசியூம் ஒழுங்காக வரும், அதைப் பற்றிக் கவலை இல்லை.

இப்படி எழுதியதைக் கேர்னலிலேயே பார்க்க வேண்டும் என்றால் கிராஃபிக்ஸ் பக்கம் போ. திரைக் கேபிள் செருகியிருக்கிறதா என்று 10 செக்கனுக்கு ஒருமுறை பார்க்கும் போலிங் வேர்க் ஒன்று அங்கே இருக்கிறது. சஸ்பென்டில் அதை முதலில் நிறுத்திவிட்டுத்தான் மற்ற வேலை.

பனங்கொட்டை | வெள்ளி, காலை 6.55

புதுக் கேர்னல்களில் இதற்கு நேரான வழி வந்துவிட்டது. 6.10இல் இருந்து டிசேபிள் டிலேட் வேர்க் சிங்க் என்று ஒன்று இருக்கிறது. கேன்சலும் செய்யும், எனேபிள் சொல்லும்வரை யார் கியூவில் போட முயன்றாலும் ஏற்காது. பொடியனின் 6.1இல் அது இல்லை. டெபியன் 13க்கு மாறினால் 6.12, அதில் இருக்கும். ஆனால் இடையில் வந்து மறுக்கப்பட்ட முயற்சிகளை அது நினைவில் வைத்திருக்காது. எனேபிள் செய்த பிறகு நீங்களேதான் ஒருமுறை போட வேண்டும்.

எனக்கு என்னவோ, அது இருந்தாலும் இன்டரப்டையும் மூடத்தான் பிடிக்கிறது. ஹேன்ட்லர் சிப்பின் நிலைப் பதிவேட்டை வாசித்தால் அதுவும் தூங்கும் கொன்ட்ரோலரைத் தட்டும்தானே.

உறங்காப்புலி | வெள்ளி, காலை 8.20

இரவு என் டச் ஸ்க்ரீன் ட்ரைவரைத் திறந்து பார்த்தேன். வேர்க் உறைகிறது, சரி. ஆனால் இன்டரப்ட் ஹேன்ட்லர் உள்ளேயே ஒரு ஐ-டூ-சி வாசிப்பு இருக்கிறது. மூடும்போது யாரும் திரையில் விரல் வைக்காததால் மூன்று வருடமாக ஓடுகிறது போல.

திருத்தப் போகிறேன். யாரும் சிரிக்க வேண்டாம்.

தேத்தண்ணி | வெள்ளி, காலை 8.21

சிரிக்கவில்லை. தேத்தண்ணி மூக்கால் போய்விட்டது.

கடலோரப் பொடியன் | ஞாயிறு, மாலை 5.30

500 சுற்று. எச்சரிக்கை இல்லை, தொங்கல் இல்லை. திரை விளக்கை வேண்டுமென்றே முழு வெளிச்சத்தில் வைத்துத்தான் ஓட்டினேன். அண்ணா சொன்னது சரி, புத்தகத்தின் 31ஆம் பக்கத்தில் மின்னோட்ட எச்சரிக்கை இயல்பாகவே திறந்திருக்கும் என்று எழுதியிருக்கிறது. நான் 12ஆம் பக்கத்தோடு நிறுத்தியவன்.

பரிசாக இன்னொரு பிழையையும் கண்டுபிடித்தேன், இது நானாகவே. யாராவது பற்றரி அளவைக் கேட்டால், கடைசி வாசிப்பு 10 செக்கனுக்கு உட்பட்டது என்றால் சிப்பைத் தொடாமல் சேமித்ததையே கொடுப்பேன். அந்த 10 செக்கனை ஜிஃபீஸ் (கேர்னலின் நேர எண்ணி) கொண்டு எண்ணினேன். கணினி தூங்கும்போது ஜிஃபீஸும் நின்றுவிடுகிறது! ஒரு மணித்தியாலம் தூங்கி எழும்பினாலும் என் ட்ரைவருக்கு மூன்று செக்கன்தான் போயிருக்கும். ரிசியூமில் நேரடியாக வாசிப்பதால் இப்போது மறைந்துவிட்டது, ஆனாலும் தூக்கத்தையும் சேர்த்து எண்ணும் பூட்டைம் கடிகாரத்துக்கு மாற்றிவிட்டேன்.

நாளை காலை நான்கு பெட்டி புறக்கோட்டைக்குப் போகிறது. எல்லாருக்கும் நன்றி. வெள்ளவத்தைப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், கொத்து என் கணக்கு.

கொட்டாஞ்சேனை ரவுட்டர் | ஞாயிறு, மாலை 5.48

நல்லது தம்பி. அனுப்பும் முன் மெயின் சுவிட்சை நிஜமாகவே இழுத்து நாலைந்து தடவை பார். ஆர்டிசி வேக் லூப்பில் சார்ஜர் நிலை மாறுவதே இல்லை, கடையில் அது மாறித்தான் தூங்கும், மாறித்தான் எழும்பும்.

பனங்கொட்டை | ஞாயிறு, மாலை 6.10

ஒன்று கேட்கலாமா? பிழை வந்தால் 0 என்று சேமிக்கிற வரி. திங்கட்கிழமை இரவே ரவுட்டர் அண்ணா முதலாவதாகச் சொன்னது. அதை மாற்றியதாக நீங்கள் எங்கேயும் எழுதவில்லையே?

கடலோரப் பொடியன் | ஞாயிறு, மாலை 6.13

...

கடலோரப் பொடியன் | ஞாயிறு, மாலை 6.31

இப்போது மாற்றிவிட்டேன் அக்கா. 500 சுற்று மறுபடி ஓடுகிறது.